விக்டர் ஹாரா: தேர்தல் களத்தில் ஒரு கித்தார்

தென் அமெரிக்காவின் மேற்கு விளிம்பில், ஆண்டீஸ் மலைத்தொடருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் நாடு சிலி. கப்ரியேலா மிஸ்ட்ரல் 1945இலும், பாப்லோ நெரூடா 1971இலும் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றதனால் கவிஞர்களின் நாடு என்று அது உலகால் அறியப்பட்டது. அந்நாட்டின் உழவர் குடியொன்றில் தோன்றி, கித்தாரோடு தேர்தல் களத்தில் நின்று, அதன் பொருட்டே தம் 41ஆம் பிறந்த நாளுக்கு 12 நாட்கள் முன்னதாகக் கொல்லப்பட்டவர் விக்டர் ஹாரா. பாட்டு கட்சியோடு சேரலாமா, சேர்ந்தால் பாட்டுக்கு என்ன நேரும் என்ற பழைய வழக்கிற்கு அவருடைய வாழ்வு ஒரு முக்கியமான சாட்சியம்.

1932 செப்டம்பர் 28இல் பிறந்த அவர், தலைநகர் சாண்டியாகோவுக்குத் தென்மேற்கேயுள்ள லோன்கேன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தை மானுவெல் பெருநிலக்கிழார் ஒருவரின் பண்ணையில் உழைத்த குடியானவர், எழுத்தறியாதவர், வறுமையோடு குடியும் அவரைத் தின்றது. தாய் அமாண்டா ஊரறிந்த பாடகி. திருமண வீடுகளில் பாடுவார். குழந்தை இறந்த வீடுகளில் இரவு முழுவதும் விழித்திருந்து பாடும் சடங்கிலும் பாடுவார். இறந்த மகவை வெண்ணிற உடையில் வானவனாக ஒப்பனை செய்து அமர்த்தி, அதுவே தாயைத் தேற்றுவதுபோல் பாடுவது அந்நாட்டு மரபு. பாட்டு என்பது பிறர் துயரைத் தாங்குவதற்கான வேலை என்னும் முதற்பாடத்தைச் சிறுவன் தாயின் கித்தாருக்கு அருகிலேயே கற்றான்.

பிழைப்புத் தேடிக் குடும்பம் சாண்டியாகோ சென்றது. சந்தையில் உணவுக்கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்த அமாண்டா 1950இல் திடீரென மறைந்தார். துணையிழந்த இளைஞர் பாதிரியாராகும் எண்ணத்தோடு சமயக் கல்லூரியில் சேர்ந்தார். ஈராண்டில் அதை விட்டு வெளியேறி, கட்டாய இராணுவப் பயிற்சியையும் முடித்தார். பின்னர்ச் சிலிப் பல்கலைக்கழகத்தின் சேர்ந்திசைக் குழு, நாடகப் பள்ளி எனப் படிப்படியாகக் கலையின் வழிக்கு வந்து சேர்ந்தார். 1957இல் 'குன்குமேன்' என்னும் நாட்டார் இசைக்குழுவில் இணைந்தார். ஊர் ஊராகச் சென்று முதியோரிடம் பாடல்களைத் திரட்டிவந்த வியோலெட்டா பார்ராவின் நட்பும் அக்காலத்தில்தான் வாய்த்தது. நாட்டார் பாடலைக் கண்காட்சிப் பொருளாக ஆக்காமல் நிகழ்காலத்தைப் பேசவைக்கலாம் என்பதற்கு அந்த அம்மையார் முன்னோடி. 1965இல் அவருடைய மக்கள் இசபெல், ஆங்கெல் இருவரும் சாண்டியாகோவில் தொடங்கிய சிறு இசைக்கூடத்தில் ஹாராவும் பாடத் தொடங்கினார்.

அப்போது அவர் பெயர் பெற்ற நாடக இயக்குநருங்கூட. வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்க எழுத்தாளர் மேகன் டெரி ராக் இசையோடு படைத்த 'வியட் ராக்' நாடகத்தை 1969இல் சாண்டியாகோவில் மேடையேற்றினார். ராக் இசை அமெரிக்கச் சந்தையின் சரக்கு என்று இடதுசாரிகள் பலர் ஐயுற்றிருந்த காலம் அது. 1968இல் இங்கிலாந்து சென்றிருந்தபோது தொழிற்சாலைக் காதலர் இருவரைப் பற்றிய ஒரு பாடலை எழுதினார். அதன் நாயகிக்கு அமாண்டா என்று பெயர். தாயின் பெயரும் மகளின் பெயரும் அதுவே. ஆங்கிலேய நடனக் கலைஞரான மனைவி ஜோனைப் பிரிந்திருந்த நாட்களில், மகளின் உடல்நலம் பற்றிய கவலைக்கிடையே பிறந்த அப்பாட்டில் கட்சியும் இல்லை, முழக்கமும் இல்லை. ஆயினும் அதுவே அவருடைய பாடல்களுள் மிகுதியாகப் பாடப்படுவனவற்றில் ஒன்றாயிற்று.

1969 மார்ச் 9 அவரை வேறொரு பாதைக்குத் தள்ளியது. தென்பகுதி நகரமான புவெர்ட்டோ மோன்ட்டில் புறம்போக்கில் குடிசை போட்ட ஏழைகள்மீது காவற்படை துப்பாக்கிச்சூடு நடத்தியது. இறந்தோருள் கைக்குழந்தையும் உண்டு. ஹாரா உடனே பாட்டெழுதினார். உள்துறை அமைச்சர் எட்முண்டோ பெரெஸ் சுகோவிக்கைப் பெயர் சுட்டியே குற்றஞ்சாட்டினார். ஆட்சியாளரின் பெயரைச் சொல்லிப் பாடுவது துணிவுதான்; ஆனால் அதற்கொரு நிழலும் உண்டு. அந்த அமைச்சரை 1971 ஜூன் 8இல் தீவிரவாதச் சிறுகுழு ஒன்று சுட்டுக்கொன்றது. அக்குழு ஹாராவின் கட்சியைச் சேர்ந்ததன்று. பாட்டு அக்கொலைக்குக் காரணமும் அன்று. எனினும் ஒரு மனிதனின் பெயரைப் பாட்டில் வைக்கும்போது, அவன் மாண்ட பின்பும் அப்பாட்டைச் சுமக்க நேரும் என்பதைக் கவிஞர் எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அதே 1969இல் நடந்த சிலியின் புதிய பாடல் விழாவில், உழவனை நோக்கி வேண்டும் அவருடைய பாடல் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தல். மும்முறை தோற்றிருந்த சல்வடார் அலெண்டே, இடதுசாரிகளின் மக்கள் ஒற்றுமைக் கூட்டணியின் வேட்பாளராக நான்காம் முறை நின்றார். பெரிய நாளேடுகள் எதிரணியின் பக்கம் நிற்க, இவர்களுக்கு வாய்த்த ஊடகங்கள் சுவர் ஓவியமும் பாட்டுமே. பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினரான ஹாரா, பல்கலைக்கழக நாடக வேலையைத் துறந்து ஊர் ஊராகச் சென்றார். செர்கியோ ஒர்ட்டேகா இசையமைத்த 'வென்செரேமோஸ்' என்னும் பாட்டிற்குத் தேர்தலுக்கென்றே தனிச் சொற்களை எழுதிக் கொடுத்தார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, குடிசைப் பகுதி, பல்கலைக்கழகம் எங்கும் அந்த மெட்டு ஒலித்தது. 1970 செப்டம்பர் 4இல் அலெண்டே 36.6 விழுக்காடு வாக்குகள் பெற்று முதலிடம் வந்தார். அடுத்தவரோடு இருந்த வேறுபாடு ஏறத்தாழ 39,000 வாக்குகளே. அந்தச் சிறு இடைவெளியில் பாட்டின் பங்கு எவ்வளவு என்று அளப்பதற்குக் கருவி இல்லை.

வெற்றிக்குப் பின் பாடகனின் வேலை கடினமாகிறது. எதிர்ப்பைப் பாடியவன் இப்போது ஆட்சியைப் பாடவேண்டும். ஹாரா கட்சிக்காகவும் அரசுக்காகவும் எழுதிய பாடல்களுள் சில அந்தந்த வாரத்தின் தேவையோடு முடிந்துபோயின என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1971இல் 'அமைதியாக வாழும் உரிமை' என்னும் இசைத்தட்டின் தலைப்புப் பாடலை 'லோஸ் பிளாப்ஸ்' என்னும் இளைஞர் ராக் குழுவோடு சேர்ந்து மின்கித்தார் ஒலிக்கப் பதிவுசெய்தார். வியட்நாமையும் ஹோ சி மின்னையும் பற்றிய அப்பாட்டின் வழி, அயலானின் கருவியையும் தன் மக்களுக்கு உரியதாக்கலாம் எனக் காட்டினார். 1972இல் 'குடியிருப்பு' என்னும் இசைத்தட்டுக்காக, நிலத்தை மீட்டுக் குடியேறிய ஏழைகளிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று, அவர்கள் கதைகளை அவர்கள் குரலிலேயே திரட்டினார். அக்குடியிருப்பு, குடியேற்றத்தின்போது இறந்த எர்மிண்டா என்னும் குழந்தையின் பெயரைத் தாங்கியது. அக்குழந்தைக்கும் ஒரு பாட்டு எழுதினார். தாய் பாடிய இரவுச் சடங்கு மகனின் இசைத்தட்டில் தொடர்ந்தது எனலாம்.

1973 மார்ச்சில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலிலும் அவர் பாடினார். பொருளாதார நெருக்கடிக்கிடையிலும் கூட்டணி 40 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பெற்றது. செப்டம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அலெண்டே தம் மாளிகையிலேயே இறந்தார். அன்று அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலெண்டே திறந்துவைக்கவிருந்த கண்காட்சியில் பாடவேண்டியிருந்த ஹாரா, அங்கே பணியாற்றியவர் என்ற முறையில் மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் தங்கிவிட்டார். மறுநாள் அனைவரும் சிறைபிடிக்கப்பட்டு, 'சிலி அரங்கம்' என்னும் உள்ளரங்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதிகாரி ஒருவர் அவரை அடையாளங்கண்டு தனியே பிரித்தார். நாட்கணக்கில் வதைத்தனர், கைகளைத் துப்பாக்கிக் கட்டையால் நசுக்கினர். அந்நிலையிலும் கிடைத்த தாளில் ஒரு கவிதை எழுதினார். உடனிருந்தோர் அதை மறைத்து வெளியே கொண்டுவந்தனர். செப்டம்பர் 16இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். உடலில் 44 குண்டுக் காயங்கள் இருந்ததாகப் பதிவாகியுள்ளது.

அவர் கைகளை எல்லோர் முன்னிலையிலும் வெட்டி எறிந்தனர் என்ற கதை உலகெங்கும் பரவியது. அது உண்மையன்று. பிணவறையில் அவரைக் கண்ட ஜோன் கைகள் சிதைந்திருந்ததையே தெரிவித்தார். 2009இல் உடலைத் தோண்டி ஆராய்ந்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட எலும்பு முறிவுகள் கண்டறியப்பட்டன. நடந்த கொடுமையே போதுமானது. புனைவு அதனைப் பெருக்காது, ஐயத்துக்கே இடமாக்கும்.

1973 செப்டம்பர் 18 அன்று, ஜோனும் மிகச் சிலருமே உடன் வர, அவர் பொதுக் கல்லறையின் சுவர்மாடம் ஒன்றில் அடக்கம் செய்யப்பட்டார். இசைத்தட்டு நிறுவனத்தின் மூலப்பதிவுகள் அழிக்கப்பட்ட நாட்டிலிருந்து, ஜோன் ஒலிநாடாக்களோடு வெளியேறினார். 1974 மே மாதத்தில் நியூயார்க்கில் ஃபில் ஓக்ஸ் ஏற்பாடு செய்த சிலி ஆதரவு நிகழ்ச்சியில் பாப் டிலன் பாடினார். 'தி கிளாஷ்' என்னும் பிரிட்டிஷ் ராக் குழு 1980இல் ஹாராவைத் தம் பாட்டில் நினைவுகூர்ந்தது. கொலையுண்ட அரங்கத்திற்கு 2003இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 2009 டிசம்பரில் மறு அடக்கத்தின்போது ஆயிரக்கணக்கானோர் வீதியில் திரண்டனர். நீதி வெகுகாலம் கழித்தே வந்தது. 2023 ஆகஸ்டில் சிலியின் உச்சநீதிமன்றம் முன்னாள் இராணுவத்தினர் எழுவரின் தண்டனையை உறுதிசெய்தது. அதைக் கண்டபின், அவ்வாண்டு நவம்பரில் ஜோன் மறைந்தார்.

2019 அக்டோபரில் விலைவாசிக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் எதிராகச் சிலி மக்கள் எழுந்தபோது, கித்தார்கள் பல கூடி ஒரு ஹாரா பாடலை இசைத்தன. அது 1970இன் தேர்தலுக்கென்று அவர் எழுதிய சொற்களன்று. ராக் குழுவோடு பதிவுசெய்த, தொலைதூர வியட்நாமின் அமைதியைப் பற்றிய பாட்டு. தேர்தல் பாட்டு தன் கடமையைச் செய்து ஓய்ந்தது. அதற்கும் ஒரு மாண்பு உண்டு. இரண்டையும் எழுதியது ஒரே கை. களத்தை ஒதுக்கியிருந்தால் இரண்டாவது பாட்டு மட்டும் தனியே பிறந்திருக்கும் என்று எண்ண அவர் வாழ்வில் சான்றில்லை.