உங்க வைஃபை-யில் இருக்கும் 192.168... இந்த எண்ணை ஒதுக்கி வைத்தவர் யார்? ஜான் போஸ்டலின் கதை

போனில் வைஃபை செட்டிங்ஸைத் திறந்து ஐபி அட்ரஸைப் பாருங்க. பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டிலும் அதே எண் இருக்கலாம். ஆனா, ஒரு எண் ஒரு கருவிக்கு மட்டும்தான் என்பது இன்டர்நெட்டின் அடிப்படை விதியாச்சே? அந்த விதியைக் காவல் காத்தவரே தனி நெட்வொர்க்குகளுக்காக அதைக் கொஞ்சம் தளர்த்தினார். அவர்தான் ஜான் போஸ்டல்.

யார் இவர்?

1943-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். நீண்ட தாடி, காலில் செருப்பு, இதுதான் அவர் அடையாளம். 1969-ல் இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் தொடங்கியபோது யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். எந்த எண் எதற்கு என்று குழப்பம் வரக்கூடாது, அதை ஒருவர் கவனிக்கணும், அது நானாகவே இருக்கலாமே என்கிற தொனியில் 1972-ல் ஒரு குறிப்பு எழுதினார். அந்த வேலை கடைசி வரை அவரை விடவில்லை. பின்னாளில் அதற்கு ஐயானா என்று பெயர் வந்தது. பெயர்தான் பெருசு. நடைமுறையில் போஸ்டலும் உடன் இருந்த சிலரும்தான் ஐயானா!

1981-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் 10 என்ற எண் அர்பாநெட்டுக்குச் சொந்தம்.

எண்கள் தீர்ந்துபோகுமா?

மொத்தம் இருப்பதே சுமார் 429 கோடி முகவரிகள். இன்டர்நெட்டுக்கே வராத கருவிகளுக்கும் பதிவு செய்த தனி எண் தருவதுதான் அன்றைய வழக்கம். விமான நிலையத்தின் அறிவிப்புத் திரை, கடையின் பில் மெஷின், வங்கியின் ஏடிஎம் எல்லாம் இதில் அடக்கம். இப்படியே போனால் கட்டுப்படியாகாது என்ற பயம் 90-களில் வந்தது.

1994 மார்ச்சில் நான்கு பொறியாளர்கள் ஒரு ஆவணம் எழுதினார்கள். தனி நெட்வொர்க்குக்கு மட்டும் என்று மூன்று தொகுதிகளை ஐயானா ஒதுக்கியது. யாரிடமும் பதிவு செய்ய வேண்டாம், யார் வேண்டுமானாலும் உள்ளுக்குள் பயன்படுத்தலாம். 1990-லேயே அர்பாநெட் மூடப்பட்டதால் சும்மா இருந்த அந்த 10, கூடவே 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் நம்ம 192.168. மொத்தம் சுமார் 1.79 கோடி முகவரிகள்.

எதிர்ப்பு கிளம்பியது. நாளைக்கு இரண்டு கம்பெனிகள் இணைந்தால் இரண்டிலும் அதே எண்கள் மோதுமே என்று வேறு நான்கு பேர் ஜூலையில் எழுதினார்கள். நியாயமான கேள்விதான், இன்றைக்கும் ஐடி ஊழியர்கள் படும் பாடு அது. அதோடு விடவில்லை. பொதுவில் விவாதிக்காமல் ஐயானா வரம்பு மீறிவிட்டது என்றும் குற்றம்சாட்டினார்கள்.

இங்கேதான் போஸ்டலைக் கவனிக்கணும். இந்த ஆவண வரிசைக்கு எடிட்டரும் அவரே. தன் மீதான அந்தப் புகார் அதே வரிசையில் 1627 என்ற எண்ணோடு வெளியானது. 1996 பிப்ரவரியில் திருத்திய விதி வந்தபோது, எதிர்த்த நால்வரில் ஒருவரான எலியட் லியர் அதை எழுதியவர்களில் ஒருவராக இருந்தார். மூன்று தொகுதிகள் மட்டும் மாறவில்லை.

கடைசி ஆண்டு

1998 ஜனவரி 28. டொமைன் பெயர்களின் மூலப் பட்டியலை இனி தன் பக்கமிருந்து எடுக்கும்படி 12 ரூட் சர்வர் நிர்வாகிகளில் 8 பேருக்கு மெயில் போட்டார் போஸ்டல். எட்டு பேரும் கேட்டார்கள். வெள்ளை மாளிகை பதறியது. சோதனைக்காகச் செய்தது என்று விளக்கம் சொல்லி, பழையபடி மாற்றிவிட்டார். எழுதப்பட்ட அதிகாரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை, அவர் மேல் இருந்த நம்பிக்கையே போதுமானதாக இருந்தது. அரசைப் பயமுறுத்தியதும் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் வேலையை ஏற்க ஐகேன் என்ற அமைப்பு செப்டம்பர் இறுதியில் பதிவானது. அக்டோபர் 16-ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் போஸ்டல் காலமானார். வயது 55. யுசிஎல்ஏ-வில் உடன் வேலை பார்த்த விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கல், போஸ்டல் 29 ஆண்டுகள் எடிட் செய்த அதே வரிசையில் 2468-வது ஆவணமாக வந்தது.