இடது கையின் கணக்கு

சின்ன சோதனை ஒண்ணு. வலது கையால் மேஜையில் மூணு தட்டு, அதே நேரத்துக்குள் இடது கையால் ரெண்டு தட்டு. ரெண்டு கையிலும் இடைவெளி சமமா விழணும். வந்துடுச்சா? இப்போ நாலுக்கு மூணு. இங்கதான் பல பேருக்குக் கை அடம் பிடிக்கும். ஷோபானின் ஃபேன்டசி இம்ப்ராம்ப்டுவில் பெரும்பகுதி இந்த நாலுக்கு மூணுதான். அந்த ஷோபான் மேல் பைத்தியமாக இருந்த ஒரு ரஷ்யர், இந்தக் கணக்கை ஒன்பதுக்கு அஞ்சு வரைக்கும் இழுத்துட்டுப் போனார். அவர்தான் அலெக்சாண்டர் ஸ்க்ரியாபின்.

1872-ல் மாஸ்கோவில் பிறந்தார். அம்மா தேர்ந்த பியானோ கலைஞர். மகனுக்கு ஒரு வயசு இருக்கும்போதே காசநோயில் இறந்துட்டார். அப்பாவுக்கு வெளிநாட்டில் தூதரக வேலை. அதனால் அத்தையும் பாட்டியும் செல்லமாக வளர்த்த பிள்ளை. ராணுவப் பள்ளியில் படித்துக்கொண்டே ஸ்வெரெவ் என்ற கண்டிப்பான வாத்தியாரிடம் பியானோ கற்றார். அங்கே கூடப் படித்தவர் ரஹ்மானினோவ். பிறகு ரெண்டு பேருமே மாஸ்கோ கன்சர்வேட்டரி. ரஹ்மானினோவுக்கு ராட்சசக் கை. ஸ்க்ரியாபினுக்கோ எட்டு சுரத்தைத் தாண்டி ஒன்பதாவதை எட்டுவதே பெரிய பாடு.

அந்தக் கையை வெச்சுக்கிட்டு 1891-ல் ஒரு வேலை பண்ணினார். உடன் படித்த லெவின் அசுர வேகக்காரர். அவரை மிஞ்சணும்னு ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் டான் ஜுவான் ஃபேன்டசியையும் பலகிரேவின் இஸ்லாமேயையும் எடுத்துக்கிட்டு வெறித்தனமாகப் பயிற்சி செய்தார். ரெண்டுமே பியானோ உலகத்தில் கையை முறிக்கும் ரகம். முறிச்சே விட்டது. வலது கை இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லிட்டார். வயசு பத்தொன்பது, தெரிஞ்ச தொழில் பியானோ ஒன்றுதான்.

அடுத்த வருஷம் எழுதி முடித்த முதல் சொனாட்டாவின் கடைசிப் பகுதி ஒரு சவ ஊர்வல இசை. யாருக்கான ஊர்வலம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கை ஓய்ந்த நேரத்தில் மனுஷன் சும்மா இருக்கவில்லை. வேலை செய்யாத கையை விட்டுட்டு, செய்யும் கையைப் பழக்கினார். 1894-ல் இடது கைக்கு மட்டும் ஒரு ப்ரெலூடும் ஒரு நாக்டர்னும் எழுதினார். கண்ணை மூடிக்கிட்டு நாக்டர்னைக் கேட்டால் ஒரே கைதான் வாசிக்குதுன்னு நம்பவே முடியாது. வலது கையும் மெதுவாகத் திரும்பியது, கச்சேரி செய்யும் அளவுக்கு. 1898-ல் படித்த கன்சர்வேட்டரியிலேயே பேராசிரியர் ஆனார்.

இந்த இடது கைப் பழக்கம் அவர் இசையை விட்டுப் போகவே இல்லை என்பது என் எண்ணம். சாதாரணமாக இடது கை தாளம் போடும், வலது கை பாடும். இவர் எழுத்தில் இடது கை யாருக்கும் கீழே வேலை செய்யாது. 1903-ல் எழுதிய எட்டு எட்யூட்களில் முதலாவதைப் பாருங்க. ஒரு பாருக்குள் வலது கைக்கு ஒன்பது சுரம், இடது கைக்கு அஞ்சு. நம்ம மொழியில் எல்சிஎம் 45. வலது கை அஞ்சு அலகுக்கு ஒரு தடவை, இடது கை ஒன்பது அலகுக்கு ஒரு தடவை. முதல் தட்டைத் தவிர வேறெங்கேயும் ரெண்டும் சேராது. இடது கையின் ரெண்டாவது சுரம் விழுந்து ஒரே ஒரு அலகு கழித்து வலது கையின் மூணாவது விழும், அவ்வளவு நெருக்கம். இதில் வேகம் வேற ப்ரெஸ்டோ!

நாலுக்கு மூணு என்றால் பன்னிரண்டு வரை எண்ணிப் பழகலாம். நாற்பத்தைந்தை ப்ரெஸ்டோவில் எண்ண எந்த மூளையாலும் ஆகாது. ஒரே வழி, ஒவ்வொரு கையையும் தனித்தனியே, தூக்கத்தில் எழுப்பினாலும் சமமா ஓடும் வரைக்கும் வாசிப்பது. அப்புறம் பாரின் முதல் தட்டில் மட்டும் ரெண்டையும் சந்திக்க வைத்து, நடுவில் கவனிக்காமல் விட்டுவிடணும். விடுறதுதான் கஷ்டம். 1910-ல் அவரே வாசித்துப் பதிவான பியானோ ரோல்கள் இருக்கு. கேட்டால், எழுதிய மனுஷனே மெட்ரோனோமைக் காற்றில் பறக்கவிட்டு வாசிக்கிறார்.

பிற்காலம் வேறு திசை. மனைவி, பிள்ளைகளைப் பிரிந்தார், பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞானத்தில் மூழ்கினார். ஆமாம், நம்ம அடையாறில் தலைமையகம் இருக்கே, அதே சபையின் நிறுவனர்தான். இமயமலை அடிவாரத்தில் ஏழு நாள் நடக்கும் ஒரு மகா கச்சேரி, அதோடு உலகமே வேறு நிலைக்குப் போய்விடும் என்றெல்லாம் திட்டம் வைத்திருந்தார். இந்தியாவுக்கு வரவே இல்லை. 1915 ஏப்ரலில் மேலுதட்டில் வந்த ஒரு கட்டி ரத்தத்தில் விஷமாக ஏற, 43 வயதில் இறந்துபோனார்.

அதன்பின் ரஹ்மானினோவ் ஊர் ஊராகப் போய் நண்பனின் இசையை மட்டுமே வாசித்துக் கச்சேரிகள் செய்தார். பணம் குடும்பத்துக்கு. ஸ்க்ரியாபின் ரசிகர்களில் சிலருக்கு அதிலும் கோபம்: சுரமெல்லாம் தெளிவாக, கறாராக விழுதாம். காற்றில் மிதக்க வேண்டியதை இந்த ஆள் தரையில் இறக்கிட்டான்னு சண்டைக்கே போனாங்க.