புழுங்கல் அரிசியின் அருமையை உலகுக்கு நிரூபித்த கோலாலம்பூர் மருத்துவர்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவில் மலேரியாவைப் போலவே மக்களை நடுங்க வைத்த இன்னொரு நோய் பெரிபெரி. கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் செயலிழந்துவிடும். ஈய லம்பங்களில் உழைத்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தோட்டங்களில் பாடுபட்ட தமிழர்களை மட்டும் அந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. ஏன்?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கூர்ந்து கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது ஊர்ப் பழக்கப்படி புழுங்கல் அரிசி. அரிசியில்தான் விஷயம் இருக்கிறது என்றார் அவர். நோய்க்குக் கிருமியே காரணம் என்று நம்பிய பலர் அதை ஏற்கவில்லை.

அதைச் சோதித்துப் பார்த்தவர்தான் வில்லியம் பிளெட்சர். இங்கிலாந்திலிருந்து வந்து கோலாலம்பூரில் மாவட்ட மருத்துவராக இருந்தவர். 1905-இல் இங்குள்ள மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குப் பச்சரிசி, இரட்டைப்படை எண் வந்தவர்களுக்குப் புழுங்கல் அரிசி. தங்கும் இடம் நோய்க்குக் காரணமா என்று அறிய, நடுவில் இரு பிரிவினரின் கூடங்களையும் மாற்றினார்.

ஓராண்டு முடிந்தது. பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 36 பேருக்கு நோய் கண்டது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை.

1907-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த முடிவு வெளிவந்தது. பிறகு பிரேசரும் ஸ்டாண்டனும் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்திலிருந்து ஆய்வைத் தொடர்ந்து, தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் காக்கும் சத்து இருக்கிறது என்று காட்டினார்கள். பின்னாளில் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் தெரியாது, நெல்லை அவிக்கத் தெரியும்.

பெரிபெரி ஆய்வுக்கான நோபல் பரிசு 1929-இல் நெதர்லாந்தின் ஐக்மானுக்குக் கிடைத்தது. பிளெட்சருக்கு அந்தப் புகழ் வரவில்லை. ஆனாலும் ஒழுங்காகப் பிரித்து ஒப்பிட்ட ஆரம்பகால மருத்துவச் சோதனைகளில் ஒன்றாக அவருடைய கட்டுரையை ஆய்வாளர்கள் இன்றும் சுட்டிக் காட்டுகிறார்கள். அதில் ஒரு கசப்பும் உண்டு. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்றைய விதிகளின்படி அப்படி ஒரு சோதனைக்கு அனுமதியே கிடைக்காது. இறந்த 18 பேரும் அறிவியலுக்குக் கொடுத்த விலையை நாம் மறக்கக் கூடாது.

பிளெட்சர் அதோடு நிற்கவில்லை. மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சேர்ந்து, பின்னாளில் அதன் இயக்குநராகவும் இருந்தார். 1920-களில் அவரும் லெஸ்லரும் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தார்கள். நோய் வந்தால் நம் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகும். டைபஸ் நோயாளியின் இரத்த நீர் 'புரோட்டியஸ்' என்ற வேறொரு கிருமியையும் திரளச் செய்யும். இதை வைத்து நோயைக் கண்டுபிடிப்பதுதான் வைல்-பீலிக்ஸ் சோதனை.

கோலாலம்பூரில் ஒரு புதிர் தென்பட்டது. பட்டண நோயாளிகளின் இரத்த நீர் ஒரு வகைப் புரோட்டியஸைத் திரட்டியது. செம்பனைத் தோட்டத்திலும் புதர்க்காட்டிலும் வேலை செய்தவர்களின் இரத்த நீரோ, கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்த வேறு வகையைத்தான் திரட்டியது. ஒரே நோய் என்று எண்ணியது இரண்டு நோய்களாகப் பிரிந்தது. பட்டணத்து நோயைப் பரப்புவது எலித் தெள்ளு, தோட்டத்து நோயைப் பரப்புவது புதரில் வாழும் சிற்றுண்ணி என்பது பிறகு உறுதியானது.

அந்தக் கிங்ஸ்பரியின் முதல் எழுத்தே 'ஓஎக்ஸ்-கே' என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. இப்போது இன்னும் நுட்பமான சோதனைகள் வந்துவிட்டன. ஆனாலும் வசதி குறைந்த மருத்துவமனைகளில், தமிழ்நாடு உட்பட, ஓஎக்ஸ்-கே சோதனை இன்னும் கைகொடுக்கிறது. 1948-இல் இதே கோலாலம்பூரில்தான் குளோராம்பெனிகால் மருந்து இந்தக் காய்ச்சலைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்டது.

ஓர் ஆய்வாளரின் பெருமையை அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை சுட்டிக் காட்டினார்கள் என்று எண்ணி அளப்பது இன்றைய வழக்கம். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதும் ஓர் அளவுகோல்தான். தோட்டப்புறத்தில் வேலை செய்வோர் ஒன்றை நினைவில் வையுங்கள். புதருக்குள் போய்வந்த பிறகு காய்ச்சல் விடாமல் அடித்தால், எங்கே போனீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் உயிரைக் காப்பாற்றலாம்.