ஸ்டான்லி கில்

ஸ்டான்லி கில் (மார்ச் 26, 1926 – ஏப்ரல் 5, 1975) ஓர் ஆங்கிலேயக் கணினி அறிவியலாளர் ஆவார். கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியில் பணியாற்றிய நிரலாக்க முன்னோடிகளுள் ஒருவர். ஒரு நிரலின் இயக்கத்தை மற்றொரு நிரலைக் கொண்டு அடியடியாகப் பதிவு செய்து, அப்பதிவிலிருந்து வழுக்களைக் கண்டறியும் முறையை 1951 இல் விளக்கினார். ருங்கே-குட்டா-கில் என்னும் எண்கணிப்பு முறையும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

வாழ்க்கைக் குறிப்பு

கில் இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரான வொர்திங்கில் பிறந்தார். 1943 இல் அரசு உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ச் புனித ஜான் கல்லூரியில் சேர்ந்தார். 1947 இல் இளங்கலைப் பட்டம் பெற்றபின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணிபுரிந்தார். ஆலன் டூரிங்கின் வடிவமைப்பை அடியொற்றிய பைலட் ஏஸ் கணினி அப்போது அங்கு உருவாகிக்கொண்டிருந்தது. பின்னர் கேம்பிரிட்சுக்குத் திரும்பி, மாரிஸ் வில்க்ஸ் தலைமையிலான எட்சாக் குழுவில் இணைந்தார்.

எட்சாக்கும் வழுக்களும்

எட்சாக் 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை இயக்கியது. துளையிட்ட காகித நாடா வழியே நிரல்கள் செலுத்தப்பட்டன; விடைகள் தொலையச்சுப் பொறியில் அச்சாயின. பிழையற்ற நிரலை எழுதுவது எதிர்பார்த்ததைவிட மிகக் கடினம் என்பது விரைவிலேயே புலப்பட்டது. வில்க்ஸ் எழுதிய 126 கட்டளைகள் கொண்ட ஒரு நிரலிலேயே பல பிழைகள் இருந்தன.

விடை தவறாக வந்தால், நிரலர் கணினியின் முன் நின்று கட்டளைகளை ஒவ்வொன்றாக இயக்கி, நினைவகத்தின் உள்ளடக்கத்தைத் திரையில் புள்ளிகளாகப் பார்ப்பது வழக்கம். இருந்தது ஒரே கணினி. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பார்த்து முடித்த பின்னரோ எந்தப் பதிவும் மிஞ்சுவதில்லை.

தடப்பதிவு நிரல்கள்

இக்கண்காணிப்பைக் கணினியிடமே ஒப்படைக்கும் நிரல்களைக் கில் எழுதினார். சோதிக்கப்படும் நிரலிலிருந்து ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, அதன் விவரத்தை அச்சிட்டு, தன் மேற்பார்வையில் அதை நிறைவேற்றிய பின் அடுத்ததற்குச் செல்வது இவற்றின் செயல்முறை. சில நிரல்கள் கட்டளைகளின் குறியெழுத்துகளையும், வேறு சில இடையில் கிடைக்கும் எண்களையும் அச்சிட்டன.

இதில் சிக்கல்கள் இருந்தன. எட்சாக்கில் திரட்டி ஒன்றே உண்டு. கண்காணிக்கும் நிரலும் அதையே பயன்படுத்த வேண்டியிருந்ததால், ஒவ்வொரு முறையும் அதிலுள்ள எண்ணைச் சேமித்து மீட்க வேண்டியிருந்தது. தாவல் கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் கட்டுப்பாடு கைநழுவிவிடும். எனவே தாவ வேண்டிய இடத்தைக் கண்காணிக்கும் நிரலே கணித்து வைத்துக்கொண்டது. இரு நிரல்களும் ஒரே சிறிய நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டன. மேலும், தொலையச்சின் வேகத்திற்கேற்ப இயக்கமும் மிகவும் தாமதமாயிற்று. ஆயினும் நிரலர் அச்சான தாளுடன் தம் மேசைக்குத் திரும்பி நிதானமாக ஆராய முடிந்தது. கணினி அடுத்தவருக்குக் கிடைத்தது. இம்முறையை விளக்கும் கில்லின் கட்டுரை 1951 இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியானது.

பிற பங்களிப்புகள்

வில்க்ஸ், டேவிட் வீலர் ஆகியோருடன் இணைந்து கில் எழுதிய நிரலாக்க நூல் 1951 இல் வெளிவந்தது. துணைநிரல்களின் நூலகத்தைக் கொண்டு நிரல் எழுதும் முறையை இந்நூல் பரவச் செய்தது. 1952 இல் எட்சாக்கில் ஒரு விளையாட்டை உருவாக்கினார். நாடா படிப்பியின் ஒளிக்கற்றையைக் கையால் மறைத்து, ஆடாகக் கருதப்பட்ட ஒரு புள்ளிக்கு வாயிலைத் திறந்துவிடுவதே அவ்விளையாட்டு. இணைநிலை நிரலாக்கம் குறித்து 1958 இல் கட்டுரை எழுதினார். 1964 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் கணினி அறிவியல் பேராசிரியரானார். 1967-68 இல் பிரித்தானியக் கணினிக் கழகத்தின் தலைவராக இருந்தார்.

மறைவும் தாக்கமும்

கில் 1975 இல் தம் 49 ஆவது வயதில் காலமானார். வழுநீக்கிகள் பின்னர் வெகுவாக வளர்ந்தன. 2009 இல் வெளிவந்த ஜிடிபி 7.0 பதிப்பு, பைத்தான் மொழியில் வழுநீக்கியை இயக்கவும், நிரலின் இயக்கத்தைப் பதிவு செய்து பின்னோக்கிச் செல்லவும் வசதி அளித்தது. அப்பதிவைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி அடுத்து வந்த பதிப்புகளில் சேர்ந்தது. பதிவு செய்யும்போது இயக்கம் தாமதமாவது இவற்றிலும் தொடர்கிறது. ஆயினும், இயங்கி முடிந்த நிரலின் தடத்தைப் பின்னர் நிதானமாக ஆராய முடிவதால் அத்தாமதம் ஏற்கப்படுகிறது.