வேட்டைச் சொல்லும் பேக்கர் துரையும்

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாக அப்புத்தளைக்குச் செல்லும் பெருந்தெரு ஓரிடத்திற் பெலிகுல் ஓயாவைக் கடக்கின்றது. அங்கே வாடிவீட்டின் அருகே தெளிந்த நீர் பாறைகளிடை நுரைத்தோடுவதை எம் பழைய மாணவருட் பலர் கண்டிருப்பர். சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிற் கணக்கெழுதியும் பள்ளி நடத்தியும் காலங் கழித்தோர் நம்முட் பலராவர். அந்நீர் மேலே ஹோட்டன் சமவெளியில் ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்தினின்று வீழ்கின்றது. அவ்வீழ்ச்சிக்குப் பேக்கர் அருவி என்பது பெயர். அப்பெயருக்குரிய சேர் சாமுவேல் பேக்கரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். ஆபிரிக்காவிற் பேரேரி கண்டவர் என்று பூமிசாத்திர வகுப்பில் அவரைப் படித்ததுண்டு. ஆயினும் எம்மை அவர்பால் ஈர்த்தது ஏரியன்று. ஓர் உயிரைக் கொன்றதைச் சொல்வதற்கு அவர் தேர்ந்துகொண்ட சொற்களே எம்மை ஈர்த்தன.

பேக்கர் 1821ஆம் ஆண்டு யூன் 8ஆந் திகதி இலண்டன் மாநகரில் வணிகர் குடியிற் பிறந்தார். தந்தையாருக்கு மொரீசியசிலும் யமேக்காவிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1843இல் மணமுடித்து, சிலகாலம் மொரீசியசில் வாழ்ந்தார். அவர் மனம் நாடிய பெருவேட்டை அத்தீவிற் கிடைக்கவில்லை. யானைகள் மலிந்த நாடென்று கேள்வியுற்று 1846 அளவில் இலங்கைக்கு வந்தார். ஓராண்டு தாழ்நிலக் காடுகளில் அலைந்தபின் கொடுங் காய்ச்சல் பற்றியது. உடல் தேறுவதற்காக நுவரெலியா சென்றவருக்கு இருவாரத்திற் புத்துயிர் வந்தது. குளிர்ந்த அம்மலைநாட்டில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை நிறுவிவிடலாம் என்ற எண்ணமும் உடன் பிறந்தது. தாய்நாடு மீண்டு, 1848இல் குடும்பத்தாரோடும் தம்பியோடும் பண்ணை மேற்பார்வையாளன், கொல்லன், குதிரைக்காரன், பசுக்கள், செம்மறிகள், வேட்டைநாய்கள், ஏர்க்கருவிகள் என ஒரு குடியேற்றத்தையே திரட்டி வந்து சேர்ந்தார்.

வந்த தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குடிமயக்கிலிருந்த குதிரைக்காரன் வண்டியையும் குதிரைகளையும் மலைப்பாதையினின்று பள்ளத்தில் உருட்டிவிட்டான். அவற்றை மீட்பதற்கு அரசாங்கத்து யானையொன்று இரவலாகக் கிடைத்தது. அவனோ அதன்மீதேறி, குதிரையை விரட்டுவதுபோல ஏற்றத்தில் விரட்டினான். அச்சாதுவான பிராணி ஓடி இளைத்து உயிர் விட்டது. பேக்கர் இதனை நகைச்சுவையாக எழுதியுள்ளார். படிப்போருக்கும் சிரிப்பு வருகின்றது. பின்னர் அவர் கொன்ற யானைகளுக்கெல்லாம் கணக்குண்டு. இந்த யானை எக்கணக்கிலும் ஏறவில்லை.

பயிர்த்தொழிலிற் பல இடர்ப்பட்டும் அவர் தளரவில்லை. வேட்டையிலோ அவருக்கு நிகர் சிலரே. 4 அவுன்சுக் குண்டை எறியும் 21 இறாத்தற் துப்பாக்கியைத் தாங்கி அடர்காட்டில் நடந்தவர் அவர். சமவெளியில் மரை வேட்டையாடும்போது துப்பாக்கியைத் தொடுவதில்லை. நாய்கள் மரையை ஆற்றில் மடக்கி நிறுத்த, இவர் கத்தியோடு நீரில் இறங்கிக் கொம்புக்கு எதிரே செல்வார். இந்த மரையை அக்காலத்து ஆங்கிலேயர் எல்க் என்றனர். எல்க் வடதேசத்துப் பனிக்காட்டு விலங்கு. இந்நாட்டில் என்றும் இருந்ததில்லை. சிறுத்தையைச் சீற்றா என்றனர், அதுவும் இங்கில்லை. ஊர்ப்பெயரைக் கேட்டறியாது தம் பெயரைச் சூட்டி, அப்பெயரிலேயே அவ்விலங்குகளைக் கொன்றனர்.

1854 அளவில் அவருடைய முதல் வேட்டை நூலும், 1855இல் இலங்கையில் தாம் வாழ்ந்த எட்டாண்டுகளைப் பற்றிய நூலும் வெளிவந்தன. முதல் நூலில் அவர் கூறும் ஒரு கணக்கு எம்மைத் திகைக்கச் செய்தது. நண்பர் நால்வர் கூடிச் சென்ற மூன்று வாரப் பயணத்தில் 50 யானைகள் மாண்டன. ஆனால் மாண்டன என்றோ கொல்லப்பட்டன என்றோ அக்கணக்கில் இல்லை. அவை பைக்குள் வந்தன என்ற பொருள்படும் சொல்லே அங்குள்ளது. முயலையும் காடையையும் சுட்டுத் தோளிற் தொங்கும் பையில் இட்டுவந்த ஆங்கில நாட்டுப்புறத்தானின் சொல் அது. யானையை இடுவதற்கு எந்தப் பை உண்டு? ஆயினும் சொல் வழங்கிவிட்டது. மலை போன்ற உடல் ஐம்பதும் அந்தச் சிறு பைக்குள் ஓசையின்றி அடங்கிவிட்டன.

நம் நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்தார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தமக்குள் ஒரு காரணம் பற்றி ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதையும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதையும் உரைகாரர் எடுத்துக்காட்டுவர். வகுப்பிற் சொல்விளம்பி என்றதும் பின்வாங்கில் எழும் சிரிப்பொலி எம் காதில் இன்றும் ஒலிக்கின்றது. பேக்கர் துரையும் வேடரே. பை என்பதும், விளையாட்டு என்னும் பொருள்படும் ஸ்போர்ட் என்பதும், ஆட்டத்துக்கும் ஆட்டத்திற் சாகும் விலங்குக்கும் ஒருசேர வழங்கும் கேம் என்பதும் அவர் கூட்டத்தின் குழூஉக்குறிகள். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். அங்கே சொல்லுவோன் துயரப்படுகின்றான், துயரத்தை மெல்லெனச் சொல்கின்றான். வேட்டுவச் சொல்லில் துயரப்படுவோர் எவருமிலர்.

இவற்றினும் கூர்மையானது ரோக் என்னுஞ் சொல். கூட்டத்தினின்று பிரிந்து தனித்துத் திரியும் யானையை அவ்வாறு வழங்குவர். போக்கிரி என்பது அதன் பொருள். போக்கிரி என்று பெயரிட்டவுடன் ஒரு குற்றப்பத்திரம் எழுதியாகிவிடுகின்றது. பின்னர் வெடிப்பது துப்பாக்கியன்று, தண்டனை. தனியானைகளால் உழவரும் வழிப்போக்கரும் மாண்டதுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கண்காட்சிச் சாலையில் அப்பம் தின்னும் யானையைப் பார்த்து அதன் குணத்தை அளக்கலாகாது, காட்டில் அது வஞ்சமும் மூர்க்கமும் உடையது என்று பேக்கர் வற்புறுத்துகின்றார். அவ்வாறு வற்புறுத்த வேண்டிய தேவை அவருக்கிருந்தது. பகைவன் கொடியவனாயினன்றோ கொன்றவன் வீரனாவான்! நல்ல வேட்டைக்காரன் வேறு, கசாப்புக்காரன் வேறு என்ற பாகுபாட்டிலும் அவர் உறுதியாக நின்றார். அபாயத்தைத் தாமும் ஏற்று, விலங்குக்கும் தப்ப இடங்கொடுப்பதே அவர் கண்ட இலக்கணம். அவ்விலக்கணம் பொய்யென்று நாம் சொல்லத் துணியோம். மின்னேரியாக் குளக்கரையிற் குண்டுகள் தீர்ந்த நிலையில் எருமையொன்று எதிர்த்து நிற்க, சட்டைப்பையிலிருந்த சில்லறைக் காசுகளைத் துப்பாக்கியில் இட்டுச் சுட்ட நெஞ்சுரம் அவருடையது.

சபரகமுவ என்னும் பெயரிலே சபரர் என்னும் வடசொல் இருப்பதாக அறிஞர் சிலர் கூறுவர். சபரர் என்போர் வேடர். வேடர் நாட்டின் பெயரைத் தாங்கிய மாகாணத்திற் கோப்பியும் பின்னர் தேயிலையும் இறப்பரும் வந்தன. காடு ஒதுங்க ஒதுங்க யானை மலையடிவாரத்தில் நெருக்குண்டது. யானைக்குத் தலைவிலை வைத்ததோ அரசாங்கமே. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் 3500க்கு மேற்பட்ட யானைகளும், தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை ஏறத்தாழ 2000 யானைகளும் வெகுமதிக்காகக் கொல்லப்பட்டன என்று சேர் எமர்சன் தெனந்து 1859இல் எழுதினார். குடியேற்றச் செயலாளராயிருந்த அவர் யானை வேட்டையைப் பெரிதாய் மதித்தவரல்லர். அப்புத்தளையில் 1845இல் இடிவிழுந்து இறந்த மேசர் ரொஜர்ஸ் 1400 யானைகளைக் கொன்றார் என்ற கணக்கையும் அவரே தருகின்றார். இந்நாட்டு யானையிற் கொம்பனோ மிகச் சில, ஊனை உண்பாருமிலர். தந்தமும் இல்லை, ஊனும் இல்லை எனின், வேட்டைக்காரன் வீட்டுக்குக் கொண்டு சென்றது எண்ணிக்கை ஒன்றையே.

துரைமாரின் சொல்லை இவ்வளவு ஆராய்ந்த நாம் நம் சொல்லையும் சிறிது நோக்குதல் முறை. தோட்டங்களிற் பன்றியைச் சுட்டவன் கொன்றேன் என்று சொல்வதில்லை. பன்றி விழுந்தது என்பான். தானே கால் இடறி விழுந்ததுபோல! இறைச்சி பங்கிட்ட பின் லயத்துக்கு லயம் செல்லுஞ் செய்தியும் அதுவே. பன்றிக்கென்று தேயிலையோரத்திற் கட்டிய கம்பிச் சுருக்கிற் சிறுத்தை அகப்பட்டுத் துடித்து இறப்பது இக்காலத்தும் மலைநாட்டில் நிகழ்கின்றது. கம்பியிற் சிறுத்தை சிக்கியது என்று செய்தித்தாள் எழுதும். கம்பியைக் கட்டிய கை அந்த வாக்கியத்தில் இல்லை. பேக்கரேனும் எழுவாயை மறைத்தாரல்லர். யான் சுட்டேன், யான் தவறவிட்டேன், காயத்தோடு ஓடிற்று என்றெல்லாம் தன்மையிலேயே எழுதினார். செயப்படுபொருளின் துன்பத்தை மறைத்தார். நாமோ எழுவாயையே மறைக்கின்றோம். எது தாழ்ந்தது என்பதை இலக்கண ஆசிரியர்கள் தீர்க்கட்டும். வேட்டம் என்ற நம் பழஞ்சொல் மட்டும் ஒளிவுமறைவில்லாதது. வேட்டைக்கும் விருப்பத்துக்கும் அதுவே பெயர்.

1855இல் பேக்கர் குடும்பம் இலங்கையை விட்டகன்றது. அவ்வாண்டு முடியுமுன் மனைவியாரை இழந்தார். 1859இல் தன்யூப் நதிக்கரையிலுள்ள விதின் நகரின் அடிமைச் சந்தையில் விற்பனைக்கு நின்ற இளம்பெண்ணொருத்தியை மீட்டார். புளோரன்ஸ் என்னும் அவ்வம்மையாரே பின்னர் அவர் வாழ்க்கைத் துணைவியும் நைல் நதிப் பயணத் துணைவியும் ஆனார். 1864 மார்ச்சு 14ஆந் திகதி இருவரும் அல்பேட் ஏரியைக் கண்டனர். 1866இல் சேர் பட்டம் வந்தது. 1869 முதல் 1873 வரை எகிப்து அரசின் சார்பில் மேல்நைல் நாட்டை ஆண்டு அடிமை வாணிகத்தை ஒடுக்க முயன்றார். அவ்வாணிகத்திலும் மனிதரை எண்ணிக்கைச் சரக்காக்கும் சொற்கள் பல வழங்கின. அச்சொற்களின் கொடுமை அவர்தம் செவிக்குத் தெளிவாகவே எட்டியது. முதுமையிலும் விலங்குகளின் இயல்புகளைப் பற்றி விரிவான நூலொன்றை 1890இல் வெளியிட்டார். 1893 திசெம்பர் 30ஆந் திகதி இங்கிலாந்தில் தம் இல்லத்திற் காலமானார்.

அடுத்த ஆண்டு, 1894இல், இலங்கையில் வேட்டைக்காரரும் தோட்டத் துரைமாரும் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். விலங்குகள் அருகிவருதலைக் கண்டு அஞ்சியே அவர்கள் கூடினர். வேட்டைவிலங்கு காக்குஞ் சங்கம் என்ற பொருளில், கேம் என்னும் அந்தப் பழஞ்சொல்லையே அதற்குப் பெயராக வைத்தனர். 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. சங்கத்தின் பெயரும் காலப்போக்கில் மாறியது. வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்று அது இன்று வழங்குகின்றது. ஹோட்டன் சமவெளியில் இன்று யானையில்லை, மரை உண்டு. பேக்கர் அருவியின் நீர் பெலிகுல் ஓயாவாய்ச் சபரகமுவ எல்லைக்குள் இறங்கி வளவை கங்கையோடு கலந்து உடவளவை நீர்த்தேக்கத்தை அடைகின்றது. தாயை இழந்த யானைக் கன்றுகளை வளர்த்து மீண்டும் காட்டில் விடும் நிலையமொன்று 1995இல் அங்கு தொடங்கிற்று. கன்றுகளுக்கு நேரந் தவறாது பாலூட்டுகின்றனர். தாய் எவ்வாறு இறந்தது என்பதைப் பதிவேட்டில் எழுதுவோர் குண்டுக்காயம் என்றும், கிணற்றில் வீழ்ந்தது என்றும், புகையிரதம் மோதியது என்றும் உள்ளதை உள்ளவாறே எழுதவேண்டியிருக்கின்றது.