மணலில் அணை கட்டிய மாமனிதர்



செப்டம்பர் 15 வந்தால் பொறியாளர் தினம். விசுவேசுவரய்யா அவர்களின் படத்துக்கு மாலை போடுகிறோம். போட வேண்டியதுதான். ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே நம் தமிழ்நாட்டு ஆற்று மணலில் நின்று பாடம் படித்து, அந்தப் பாடத்தால் இரண்டு டெல்டாக்களை வாழ வைத்த ஒருவர் இருக்கிறார். அவர்தான் சர் ஆர்தர் காட்டன். அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காட்டன் 1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1821-ல் சென்னைக்கு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18. நம்ம வயசுதான் தோழர்களே!

அந்தக் காலத்தில் தஞ்சை விவசாயிகள் பெரும் கவலையில் இருந்தார்கள். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காவிரி, இன்னொன்று கொள்ளிடம். கொள்ளிடத்தின் தரை மட்டம் தாழ்ந்தது. கடலுக்குப் போகும் வழியும் அதற்கு நேர். தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? வருஷா வருஷம் வெள்ளம் கொள்ளிடத்தில் பாய, காவிரியில் மணல் மேடு தட்டியது. வாய்க்கால்கள் காய்ந்தன.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினால் நீர் காவிரிக்குத் திரும்பும். சொல்வது சுலபம். ஆனால் தோண்டத் தோண்ட மணல்தான். பாறை இல்லாத இடத்தில் அஸ்திவாரம் எப்படிப் போடுவது?

விடை பக்கத்திலேயே இருந்தது. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணையைக் காட்டன் ஆராய்ந்தார். பெரிய பெரிய கற்களை மணலின் மேல் போட்டார்கள் நம் முன்னோர். ஓடும் நீர் கல்லின் அடியில் உள்ள மணலை அரிக்கும். கல் கீழே இறங்கும். அதன் மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கும். இறங்கி இறங்கி, இனி அசையாது என்ற நிலை வந்ததும் மேலே கட்டினார்கள். எந்த நீர் அணையைப் புரட்டப் பார்க்கிறதோ, அதே நீரை வைத்தே அஸ்திவாரத்தை இறுக்கிவிட்டார்கள். இது எப்பேர்ப்பட்ட மூளை!

ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டு மக்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டன் எழுதியே வைத்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த அதிகாரி அதைச் சொல்லத் தேவையே இல்லை. ஆனாலும் சொன்னார்.

1836-ல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. அதே சமயத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையும் வந்தது. கீழணை நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004 முதல் வீராணம் தண்ணீர் சென்னைக் குழாய்களில் வருகிறது என்றால், அதில் காட்டனின் உழைப்பும் கலந்திருக்கிறது.

மேலணை கட்டிய பிறகு ஒரு புதுச் சிக்கல் வந்தது. இப்போது காவிரியில் அளவுக்கு மீறி நீர் பாய்ந்து கரையை அரித்தது. 1840-களில் கொள்ளிடம் அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்புக் கட்டி சமன் செய்தார்கள். கட்டி முடித்ததோடு வேலை தீராது, ஆறு என்ன சொல்கிறது என்று கூடவே இருந்து பார்க்கணும் என்பது இதில் நமக்குப் பாடம்.

அடுத்து கோதாவரி. 1833 பஞ்சத்தில் அந்தப் பக்கத்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பெரிய ஆறு பக்கத்தில் ஓடியும் வயலுக்கு நீர் இல்லை. காட்டன் 1847-ல் தவளேசுவரத்தில் வேலையைத் தொடங்கினார். 1852-ல் அணை முடிந்தது. பஞ்ச பூமி நெற்களஞ்சியமானது. இன்றும் கோதாவரி மாவட்டங்களில் அவருக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது.

அவர் நினைத்தது எல்லாம் பலித்துவிடவில்லை. ரயிலுக்குப் போடும் பணத்தைக் கால்வாய்க்குப் போடுங்கள் என்று ஓயாமல் வாதாடினார். ஆனால் அவர் ஆதரித்த கர்னூல்–கடப்பா கால்வாய் நஷ்டத்தில் முடிந்தது. 1878-ல் இங்கிலாந்து நாடாளுமன்றக் குழுவின் முன் கடுமையான கேள்விகளைச் சந்தித்தார். அப்போதும் தம் கொள்கையை விடவில்லை. 1899 ஜூலையில் 96-வது வயதில் காலமானார்.

182 வருஷம் நின்ற முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 அன்று 9 மதகுகள் உடைந்தன. இப்போது அங்கே புதிய கதவணை இருக்கிறது. பராமரிப்பும் பொறியியல்தான் என்று அந்த நாள் நமக்குக் காட்டியது.

இனி என் காரணம். எங்க ஊர் மாகறல், செய்யாற்றங்கரை. எங்க வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்க தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் ஏரிக்கரையில் எந்த இடம் கசியும், கலங்கல் எவ்வளவு உயரம் இருந்தால் கரை தாங்கும் என்று நடந்து பார்த்தே சொல்லிவிடுவார். படிக்காதவர் என்று அவரை ஒதுக்கிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். காட்டன் வரலாற்றைப் படித்த பிறகுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. கல்லணையில் கல் இறக்கியவர்களும் எங்க தாத்தா மாதிரி ஆட்கள்தான். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களிடம் மாணவனாக நின்றதால்தான் காட்டன் பெரிய பொறியாளர் ஆனார்.

எங்க பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று தனிக் குழு வைத்திருந்தார்கள் என்று அவை சொல்கின்றன. இன்றோ பாலாறு, செய்யாறு படுகைகளில் மணலை அள்ளி அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கிவிட்டோம். மணல் போனால் கிணற்று நீரும் இறங்கிவிடும்.

தோழர்களே! நாளை நாம் டிப்ளமோ வாங்கி வேலைக்குப் போவோம். கையில் லெவல் கருவி இருக்கும், மேசையில் வரைபடம் இருக்கும். அப்போது கரையில் நிற்கிற கைநாட்டுக்காரப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவோம். காட்டனுக்கு நாம் போடும் மாலை அதுதான்!