கண்டதைச் சொன்ன மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஹோமியோபதி மருத்துவத்தைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன், நம் விருத்தாசலத்தைப் போன்றதொரு பீங்கான் ஊரிலே பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஜெர்மனியிலுள்ள மைசன் நகரம் அது. 1755-இல் அவர் பிறந்தபோது, அவருடைய தந்தையார் அங்கே பீங்கான் கலங்களுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தவர். ஆயினும் நான் எழுத வந்தது அவரைப் பற்றியன்று. அவருடைய மருத்துவத்தை முதலில் இகழ்ந்து, பின்பு ஏற்று, அதற்காகப் பெரும் விலை கொடுத்த கல்கத்தா மருத்துவர் மகேந்திரலால் சர்க்காரைப் பற்றியே.

அவரை நான் தேடிப் போனதற்கு வீட்டில் நடந்த ஒரு வழக்கே காரணம். என் தந்தையார் இங்குள்ள ஒரு செராமிக் பட்டறையில் மண் கலக்கும் வேலை பார்த்தவர். களிமண்ணோடு குவார்ட்ஸ் மாவையும் ஃபெல்ட்ஸ்பார் மாவையும் கொட்டும்போது எழும் வெண்புழுதி ஆளையே மறைக்கும். அவருக்கு விடாத இருமல் வந்தது. பாட்டி ஆடாதோடைக் கஷாயம் வைத்தாள். இங்கிலீஷ் மருந்து சூடு என்று சொல்லி, பக்கத்து வீட்டார் ஹோமியோபதி உருண்டைகளை வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தானே! புட்டியின் மேல் 30-ஆம் வீரியம் என்றிருந்ததைக் கண்டு கணக்குப் போட்டேன். நூற்றில் ஒரு பங்காக முப்பது முறை கரைத்தால், 1-க்குப் பின் 60 சுழி போட்ட அளவில் ஒரு பங்கு. ஒரு மோலில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையோ 24 இலக்கங்கள்தாம். ஆகவே இதில் சர்க்கரையைத் தவிர ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். அப்பா கோபிக்கவில்லை. சாப்பிட்டவர்களுக்குத் தேவலையா இல்லையா என்று நீ போய்ப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சர்க்காருக்கும் ஏறத்தாழ இதே கேள்விதான் வந்தது.

1833-இல் கல்கத்தாவை அடுத்த ஹௌரா பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர் அவர். ஐந்து வயதில் தந்தையையும் ஒன்பது வயதில் தாயையும் இழந்து, மாமன்மார் வீட்டில் வளர்ந்தார். ஹேர் பள்ளி, இந்துக் கல்லூரி, பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரி என்று படிப்பு தொடர்ந்தது. அங்கே இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தபோதே, ஆசிரியர்கள் அவரைச் சக மாணவர்களுக்கு ஒளியியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தச் செய்தார்களாம். (நானும் இரண்டாம் ஆண்டுதான். பிப்பெட்டைப் பிடித்தால் கை நடுங்குகிறது!) 1863-இல் எம்.டி. பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்றவர்களில் அவர் இரண்டாமவர்.

அதே ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளை தொடங்கப்பெற்றது. அம்மேடையில் ஹோமியோபதியைப் போலி மருத்துவம் என்று அவர் கடுமையாகச் சாடினார். சங்கத்தின் செயலாளர் பதவியும், பின்னர்த் துணைத் தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தன. அந்நாளில் ஹோமியோபதியை விளக்கும் ஒரு நூல் மதிப்புரைக்காக அவர் கைக்கு வந்தது. கிழித்தெறிய நல்ல வாய்ப்பு. ஆனால் நோயாளிகளைக் கண்ணால் காணாமல் எப்படி எழுதுவது என்ற உறுத்தல் எழுந்தது. அதுவரை தாம் எதிர்த்து வந்த ராஜேந்திரலால் தத்தர் என்ற ஹோமியோபதியரிடமே போய், அவர் பார்க்கும் நோயாளிகளைத் தாமும் கவனிக்கத் தொடங்கினார். பலர் குணமடைவதைக் கண்டார்.

கண்டதை மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திராது. 1867 பிப்ரவரி 16 அன்று, அதே சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், தாம் முன்பு இகழ்ந்தது தவறு என்று அறிவித்துவிட்டார். கூட்டம் கொதித்தது. உடன் தொழில் செய்த மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள். நோயாளிகளும் நின்றுவிட்டனர். மாதக் கணக்கில் வீட்டு வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. இங்கிலீஷ் வைத்தியத்தில் பேர் வாங்கியவர் புத்தி பேதலித்துவிட்டார் என்று ஊர் நினைத்திருக்கும் போலும். 1868-இல் தாமே ஒரு மருத்துவ இதழைத் தொடங்கித் தம் கட்சியை எழுதலானார். மெல்ல மெல்ல மக்கள் திரும்பி வந்தார்கள். மருத்துவர்களின் கோபம் மட்டும் ஆறவில்லை. 1878-இல் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் அவருக்கு இடம் அளிக்கப்பட்டபோதும், ஹோமியோபதியரோடு சரிசமமாக அமர மாட்டோம் என்று உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். 1885-இல் ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டபோது மருத்துவம் பார்த்தவரும் இவரே. மருந்து கொடுக்க வந்தவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து வாதம் செய்துவிட்டுப் போவாராம். அந்நோயை அவருடைய மருந்து தீர்க்கவில்லை.

நண்பர்களே, இங்கே நான் தயங்குகிறேன். சர்க்கார் கண்டது பொய்யன்று. ஆனால் மருந்து உண்ணாமலே குணமாகும் நோய்கள் எத்தனை! இரத்தத்தை வடிப்பதும் பாதரச உப்பைக் கொடுப்பதும் பெரிய வைத்தியம் எனப்பட்ட நூற்றாண்டு அது. அவற்றுக்கு முன்னால், ஒன்றும் செய்யாத சர்க்கரை உருண்டையே நோயாளிக்கு நன்மையாக இருந்திருக்கலாம். மருந்து உண்டவர், உண்ணாதவர் என இரு கூட்டமாகப் பிரித்து ஒப்பிடும் முறை அன்று வேரூன்றவில்லை. பின்னாளில் அப்படி ஒப்பிட்டவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்த ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவ ஆய்வுக் குழு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015-இல் அறிவித்தது. போய்ப் பார்க்கத் துணிந்தவரையில் சர்க்கார் பெரியவர். அவர் பார்த்தது போதவில்லை என்பதே என் கருத்து.

ஆனால் அவரே வேறொன்றும் செய்தார். நம் நாட்டவர் அறிவியலைத் தாமே சோதித்துக் கற்க ஓரிடம் வேண்டும் என்று 1869-இல் எழுதினார். ஊரெல்லாம் நன்கொடை திரட்டி, 1876-இல் கல்கத்தா பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். லாஃபோன் பாதிரியார் துணை நின்றார். செல்வந்தர்கள் போதிய பொருள் தரவில்லை என்ற ஏக்கத்தோடே 1904-இல் சர்க்கார் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில், நிதித்துறை வேலைக்காகக் கல்கத்தா வந்த திருச்சிராப்பள்ளி இளைஞர் ஒருவர் அக்கழகத்தின் கதவைத் தட்டினார். அவர்தாம் சி.வி. இராமன். 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவு வெளிப்பட்டது அந்தக் கட்டடத்தில்தான்.

எங்கள் வீட்டு வழக்கு இன்னும் முடியவில்லை. ஐந்து மாதம் உருண்டை சாப்பிட்ட பிறகே அப்பா எக்ஸ்ரே எடுக்கச் சம்மதித்தார். நான் சிரிக்காமல் இருந்திருந்தால் முன்பே வந்திருப்பார் என்பது அம்மாவின் கட்சி. இருக்கலாம். நுரையீரலில் தூசி படிந்திருக்கிறதாம். படிந்ததை எடுக்க எந்த வைத்தியத்திலும் மருந்து இல்லை, மேலும் படியாமல் காத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இப்போது அப்பா மண் கலப்பதில்லை. சுட்ட அகல் விளக்குகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிறார், கூலி சற்றுக் குறைவு. உருண்டையையும் விடவில்லை. இரவில் எத்தனை முறை இருமினார் என்று என் வேதியியல் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் நாள்தோறும் எழுதி வருகிறேன்.